கேளுங்கள், சொல்கிறேன்: 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் இழுபறி என்ற ஏழு மாநிலமும் ஒரே பக்கம் சாய்ந்தது ஏன்?

வாசகர், விருதுநகர்: அமெரிக்கா முழுவதற்கும் ஒரே அதிபர்தானே? நாட்டுக்கு ஒரு கருத்துக்கணிப்பு போதாதா? மாநிலம் மாநிலமாக ஏன் எடுக்கிறார்கள்?

அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது நாட்டின் மொத்த ஓட்டு அல்ல. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் 538 தேர்வாளர் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகள்) ஓட்டுகளில் 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலம் முழுவதும் போகும். 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு கூடுதலாகப் பெற்றும் தோற்றார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து டிரம்ப் முந்தியது 78,000 ஓட்டுகூட இல்லை. தீர்ப்பு அங்கேதான் எழுதப்பட்டது. கலிஃபோர்னியாவில் எத்தனை லட்சம் கூடுதலாக விழுந்தாலும் அதன் தேர்வாளர் ஓட்டு ஒன்றுகூட ஏறாது. அதனால் நாட்டுக் கணிப்பை மட்டும் படித்துவிட்டு முடிவு சொல்பவரை நான் நம்புவதில்லை.

வாசகர், மன்னார்குடி: எங்களுக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரம்தான் கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊர். 2024 நவம்பரில் கோயிலில் பூஜை போட்டுவிட்டுக் காத்திருந்தோம். கடைசி நாள்வரை 'கடும் போட்டி' என்றார்கள். பார்த்தால், இழுபறி என்று சொன்ன ஏழு மாநிலமும் டிரம்ப்புக்கே போய்விட்டது. கணித்தவர்கள் பொய் சொன்னார்களா?

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் பொய் சொல்லவில்லை. கடைசி வாரக் கருத்துக்கணிப்புகளின் சராசரிகளை எடுத்து வைத்துப் பாருங்கள். பென்சில்வேனியாவில் இருவரும் ஏறக்குறையச் சமம். மிச்சிகன், விஸ்கான்சினில் ஹாரிஸ் ஒரு சதவீதப் புள்ளி அளவுக்கு முன்னே. ஜார்ஜியா, வட கரோலினாவில் டிரம்ப் அதே அளவுக்கு முன்னே. முடிவில் பென்சில்வேனியா 1.7, மிச்சிகன் 1.4, விஸ்கான்சின் 0.9 புள்ளி வித்தியாசத்தில் டிரம்ப்புக்கு வந்தன. கணிப்பு பிசகியது சுமார் இரண்டு மூன்று புள்ளி. 2016-ஐயும் 2020-ஐயும் விட இது நல்ல கணிப்பு.

இடறல் வேறு இடத்தில். ஏழு இழுபறி என்றதும் நாலு இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம் என்று பிரியும் என நம் மனசு கணக்குப் போடுகிறது. அப்படி நடக்க ஒவ்வொரு மாநிலத்தின் பிழையும் தனித்தனிப் பிழையாக இருக்க வேண்டும். நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்குச் சொல்லவா வேண்டும்: ஒரே வாய்க்காலில் பாயும் ஏழு வயலில், தலைமடையில் தண்ணீர் குறைந்தால் ஏழும்தான் வாடும். மிச்சிகனில் போனை எடுக்காத அதே மாதிரி ஆள்தான் விஸ்கான்சினிலும் எடுப்பதில்லை.

இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். விஸ்கான்சினில் புள்ளியியல் படித்தபோது பல்கலைக்கழகக் கருத்தாய்வு மையத்தில் மாலை நேரங்களில் போன் பேசும் வேலை எனக்கு. திரையில் இருப்பதை ஒரு சொல் மாற்றாமல் படிக்க வேண்டும். வேட்பாளர் பெயர் வரிசையைக் கணினியே மாற்றி மாற்றிக் கொடுக்கும். மேடிசன் நகரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிடைத்தால் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் வரும். வடக்கே மரம் அறுக்கும் ஊர்களுக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தாலும் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு வைத்துவிடுவார்கள். அந்த மாநிலத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸ் ஆடும் ஞாயிற்றுக்கிழமையில் ஆண்குரல் கேட்பதே அபூர்வம். பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளுக்கு 1997-ல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018-ல் அது 6 சதவீதம்.

பதில் சொன்னவர்களை வைத்துச் சொல்லாதவர்களையும் ஈடுகட்ட, கிடைத்த பதில்களுக்கு எடை போடுகிறார்கள்: குறைவாகப் பதில் சொன்ன பிரிவினரின் பதிலைக் கூடுதலாகக் கணக்கில் எடுப்பார்கள். 2016-ல் பல மாநிலக் கணிப்புகள் வயது, பால், இனம் பார்த்து எடை போட்டன, படிப்பைப் பார்க்கவில்லை. பட்டதாரிகள் அதிகம் பதில் சொன்னார்கள், அவர்களில் கிளின்டனுக்கு ஆதரவு அதிகம். கடைசி வாரத்தில் மனம் மாறியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2020-க்குள் பெரும்பாலோர் படிப்பைச் சேர்த்தார்கள். அப்படியும் அந்த ஆண்டு பிழை கூடியது! டிரம்ப்பின் ஆதரவாளர்களிலேயே கணிப்பாளர்களை நம்பாதவர்கள் பேச மறுத்தார்கள் என்பதே என் எண்ணம். அதே படிப்பு, அதே வயது உள்ள இருவரில் ஒருவர் பேசி மற்றவர் மறுத்தால், எந்த எடையும் அந்தப் பள்ளத்தை முழுதாக நிரப்பாது.

கணிப்பு எப்போதும் டிரம்ப்பின் குடியரசுக் கட்சியைத்தான் குறைத்துச் சொல்லும் என்றும் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். 2012-ல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவைக் கணிப்புகள் குறைத்துச் சொல்லின. ஆக, பிழை எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்தால் பல மாநிலங்களில் சேர்ந்தே வரும் என்பதை மட்டும் சொல்லலாம்.

வாசகி, ஈரோடு: 800 பேரைக் கேட்டு ஒரு மாநிலமே எப்படி ஓட்டுப் போடும் என்று சொல்ல முடியுமா?

முடியும், அந்த 800 பேர் குலுக்கிப்போட்டு எடுத்தவர்களாக இருந்தால். 1936 அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகைக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லேண்டன் ஜெயிப்பார் என்று அது எழுதியது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். பதில் அனுப்பியவர்கள் குலுக்கிப்போட்டு எடுத்தவர்கள் அல்ல. ஆனால் ஒன்று: 800 பேர் என்றால் ஒவ்வொருவரின் ஆதரவு அளவிலும் மூன்றரைப் புள்ளி ஏறலாம், இறங்கலாம். இருவருக்கும் உள்ள இடைவெளியில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். "இரண்டு புள்ளி முன்னிலை" என்று தலைப்புப் போடும் நாளிதழ்கள் இதையும் அதே பக்கத்தில் போட வேண்டும். போடாதது வாசகருக்குச் செய்யும் தீங்கு.

வாசகர், சேலம்: அயோவா மாநிலத்தில் ஹாரிஸ் முன்னிலை என்று கணித்துச் சொன்ன அம்மையாரைப் பற்றி?

ஆன் செல்சர். டி மொய்ன் ரெஜிஸ்டர் நாளிதழுக்காக நீண்ட காலம் கணித்தவர். 2016, 2020 இரண்டிலும் மற்றவர்கள் தடுமாறியபோது அயோவாவைச் சரியாகப் பிடித்தவர். 2024-ல் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு ஹாரிஸ் 47, டிரம்ப் 44 என்றார். டிரம்ப் 13 புள்ளியில் வென்றார். பெரிய சறுக்கல்தான், மறுக்கவில்லை.

ஆனாலும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியிருக்கிறது. ஊரோடு ஒத்துப்போகாத எண் வந்தால் அதைப் பூட்டி வைப்பவர்கள், மற்றவர்களின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை எடையைத் திருத்துபவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. அப்படி எல்லாரும் செய்தால் பத்துக் கணிப்பு வந்தாலும் நமக்குக் கிடைப்பது ஒரே கணிப்பு. செல்சர் தனக்குக் கிடைத்ததை அப்படியே வெளியிட்டார். தேர்தலுக்குப் பிறகு தன் தரவையும் எல்லாரும் பார்க்க வைத்தார். அந்த டிசம்பரில் டிரம்ப் அவர்மீதும் நாளிதழ்மீதும் வழக்குத் தொடுத்தார். தவறிப்போன கணிப்புக்கு நீதிமன்றம் என்றால், இனி வித்தியாசமான எண் வருகிற கணிப்பாளர் அதை வெளியே சொல்லத் துணிவாரா? எனக்கு இருக்கும் பயம் அதுதான்.