பழிவாங்கும் படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கும் பையன்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். மகனுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறான். கூட்டாளி அனுப்பிய ‘கன்ஃபெஷன்ஸ்’ என்ற ஜப்பானியப் படத்தை போனில் பார்த்ததிலிருந்து சரியான தூக்கமில்லை. ஆனாலும் அதையே மறுபடி மறுபடி பார்க்கிறான். "சின்னப் பசங்க கொலை பண்ணாலும் சட்டம் ஒண்ணும் செய்யாதாம்ப்பா" என்கிறான். போனைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: ராத்திரியில் வாங்கி வையுங்கள், சரி. அதோடு வேலை முடியாது. தன் மகளைக் கொன்ற இரண்டு மாணவர்களை ஒரு ஆசிரியை பழிவாங்கும் கதை அது, 2010இல் வந்தது. ஜப்பானிலேயே 15 வயதுக்குக் கீழே இருந்தால் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். நல்ல படம்தான், ஆனால் பெரியவர்களையே தொந்தரவு செய்யும். ஓடிடியில் பெற்றோர் போடும் பூட்டு உண்டு. கூட்டாளி அனுப்பும் காப்பிக்கு அது ஏது?

வெறும் பயம் என்றால் கொஞ்ச நாளில் தானாகத் தணியும். திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் படத்தில் வகுப்பே சேர்ந்து ஒருவனை வதைக்கும் காட்சிகள் உண்டு. உங்கள் பையன் தன்னை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறான் என்று தெரிந்தாக வேண்டும். "ஏன்டா பார்த்தே?" என்றால் வாயே திறக்க மாட்டான். வண்டியில் பின்னால் உட்கார வைத்துப் போகும்போது, "அதுல யாரு மேல உனக்குப் பாவமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பள்ளியில், பஸ்ஸில், டியூஷனில் யாராவது அடிக்கிறார்களா, சாதியைச் சொல்லிச் சீண்டுகிறார்களா, போட்டோ எடுத்து மிரட்டுகிறார்களா என்பதெல்லாம் அப்புறம் மெல்ல வரும். வந்தால் நடுவில் புத்தி சொல்லாதீர்கள்.

சட்டம் பற்றி அவன் சொல்வது அந்தப் படத்தில் பார்த்தது. ஜப்பானில் 14 வயதுக்குள் இருந்தால் குற்றத் தண்டனை கிடையாது. இங்கே 18 வயதுக்குள் இருப்பவர்களை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். 16 தாண்டியவர் கொடுங்குற்றம் செய்தால் பெரியவர்களைப் போலவே விசாரிக்கவும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. இதை மிரட்டலாக இல்லாமல், தகவலாகச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும் எலிமருந்தும் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ கிடந்தால் பூட்டி வையுங்கள், அரிவாளையும் சேர்த்து. பழிவாங்கும் கோபம் பல நேரம் வெளியே போகாமல் தன் மேலேயே திரும்பிவிடும். இன்னாரை, இன்ன நாளில் என்று அவன் பேச ஆரம்பித்தாலோ, செத்துப்போகிறேன் என்றாலோ அவனைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண் உண்டு. தஞ்சை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம்.

பள்ளியில் யாரோ துன்புறுத்துவது உறுதியானால் தலைமையாசிரியரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வாருங்கள்.