முதல் பக்கமும் கதைதான்

கேள்வி: டான் பிரவுனின் புதிய நாவலை (‘தி சீக்ரெட் ஆஃப் சீக்ரெட்ஸ்’) சனிக்கிழமை ராத்திரி கையில் எடுத்தேன், ஞாயிறு மத்தியானம் முடித்தேன். 600 பக்கத்துக்கு மேல்! நடுவில் சாப்பிட்டேனா என்பதே ஞாபகம் இல்லை. ஒரே நாவலுக்குள் இவ்வளவு விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் சொல்லித்தர உலகத்தில் வேறு யாரால் முடியும்? அத்தனையும் உண்மை என்று முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார் மனிதர். உங்கள் பத்திரிகையில் மட்டும் இதுவரை ஒரு வரி மதிப்புரை இல்லை. காரணம் பொறாமையா, இலக்கியத் திமிரா?

பதில்: இரண்டும் கொஞ்சம் உண்டு. ஒரே நாவலை எட்டுக் கோடிப் பிரதி விற்றவர்மேல் பொறாமைப்படாத பத்திரிகையாசிரியர் யாராவது இருந்தால் எனக்கு அறிமுகம் செய்து வையுங்கள். ஆனால் மதிப்புரை வராததற்குக் காரணம் அதைவிட அற்பமானது. எழுதித் தருகிறேன் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு போன நண்பர் மதிப்புரையும் தரவில்லை, புத்தகத்தையும் தரவில்லை. கடைசியில் இன்னொரு பிரதி வாங்கி நானே படித்தேன். உங்கள் வேகம் எனக்கு இல்லை, நான்கு நாள் ஆயிற்று.

முதலில் உங்கள் கட்சி. 2017-க்குப் பிறகு எட்டு வருஷம் கழித்து 2025 செப்டம்பரில் வந்திருக்கிறார் டான் பிரவுனின் வழக்கமான கதாநாயகர், பேராசிரியர் லாங்டன். இந்தத் தடவை பிராக் நகரம். கூடவே காதலி காதரின் சாலமன், பிரக்ஞையைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். அவர் காணாமல் போகிறார், எழுதி முடித்த கையெழுத்துப் பிரதிக்கும் ஆபத்து. சார்ல்ஸ் பாலத்தின்மேல் நம்மையும் மூச்சு வாங்க ஓடவிடுகிறார் ஆசிரியர். ராத்திரி பதினொன்றரைக்கு ‘இந்த ஒரு அத்தியாயம்தான்’ என்று சொல்லிக்கொண்டு நானும் விளக்கை அணைக்காமல் கிடந்தேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஓட வைப்பது ஒரு வித்தை. அது எல்லோருக்கும் கைவராது. மட்டமாகப் பேசுகிறவர்களை நாலு பக்கம் அப்படி எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த வித்தையில் ஒரு கள்ளம் இருக்கிறது. இந்த வகை நாவல்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்: கதாநாயகர் பெட்டியைத் திறக்கிறார், உள்ளே பார்க்கிறார், முகம் வெளுக்கிறது, அத்தியாயம் முடிந்தது. அவர் பார்த்துவிட்டார், நமக்குத்தான் காட்டவில்லை. திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. மேஜையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல், பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் 15 நிமிஷம் பதைபதைப்பு. அவர் பாத்திரத்துக்கு மறைத்ததை நமக்குக் காட்டினார். இங்கே பாத்திரத்துக்குக் காட்டியதை நமக்கு மறைக்கிறார்கள். அப்படி மறைக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கலாம் என்று தொடங்கினேன். நூறாவது பக்கம் வருவதற்குள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இதெல்லாம் ருசி சம்பந்தப்பட்ட சண்டை, போகட்டும். எனக்கு உறுத்துவது உங்கள் கடிதத்தின் இன்னொரு வாக்கியம்: ‘முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.’

நீங்கள் அதை நோட்டரி கையெழுத்துப் போட்ட பத்திரம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டீர்கள். நண்பரே, அட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் இருப்பது எல்லாமே நாவல்தான், அந்த முதல் பக்கம் உட்பட. மந்திரவாதி வித்தை காட்டுமுன் சட்டைக் கையை மடித்துவிட்டு ‘பாருங்க, ஒண்ணுமில்லை’ என்பானே, அந்த மாதிரி.

2003-இல் ‘தி டா வின்சி கோட்’ வந்தபோதும் முதலில் ஒரு ‘உண்மை’ப் பக்கம் இருந்தது. பிரையரி ஆஃப் சயன் என்ற ரகசியச் சங்கம் 1099-இல் தோன்றியது, நிஜமானது என்றது அது. நிஜம்தான், ஆனால் பிறந்த வருஷம் 1956. பியேர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர் சில நண்பர்களோடு சேர்ந்து பதிவு செய்த சங்கம். அந்தப் பழம்பெருமைக்கு ஆதாரமாகக் காட்டிய காகிதங்கள், அவர் கூட்டத்தார் தயாரித்து 1960-களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவை. நூலகத்தில் இருக்கின்றன என்பது உண்மை. எப்படி அங்கே வந்தன என்பதுதான் விஷயம்.

அதே பாரிஸில் சேன் சுல்பீஸ் தேவாலயத்தின் தரையில் ஒரு பித்தளைக் கோடு ஓடுகிறது. ஈஸ்டர் தேதியைக் கணிக்க, ஜன்னல் வழியாக விழும் வெயில் எந்த நாளில் எங்கே படுகிறது என்று பார்ப்பதற்காக 18-ஆம் நூற்றாண்டில் போட்டது. நாவலில் அது ‘ரோஸ் லைன்’ ஆகி, பழைய கோயிலின் மிச்சமும் ஆகிவிட்டது. நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து தரையைத் தடவிப் பார்த்தவர்கள் தொல்லை தாங்காமல், ‘இது அந்தக் கோடு இல்லை’ என்று தேவாலயத்தார் அறிவிப்பே எழுதி வைத்தார்கள். ஜன்னலில் இருக்கும் பி, எஸ் இரண்டும் பீட்டர், சுல்பீஸ் என்ற புனிதர்களின் பெயர்கள், ரகசியச் சங்கத்தின் முதலெழுத்துகள் அல்ல என்றும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று, பாவம்.

புதிய நாவலுக்கு வருகிறேன். இதில் வரும் ‘நோயடிக்’ விஞ்ஞானம் (மனத்தின் சக்திகளை ஆராய்வதாகச் சொல்லும் துறை) நிஜமா என்று யாராவது கேட்டால், அந்தப் பெயரில் நிறுவனம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. அப்பல்லோ 14-இல் சந்திரனுக்குப் போய்வந்த எட்கர் மிட்செல் 1973-இல் தொடங்கியது. அந்தப் பயணத்திலேயே, நாசாவுக்குச் சொல்லாமல், பூமியில் இருந்த சிலருக்கு மனத்தாலேயே குறிகளை அனுப்பிப் பார்த்த மனிதர் அவர். அமெரிக்க அரசும் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தூரத்தில் இருப்பதைப் பார்க்க முடியுமா என்று 20 வருஷத்துக்கு மேல் பணம் செலவழித்தது. 1995-இல் வெளியாட்களை விட்டு மதிப்பீடு செய்தபோது, உளவு வேலைக்கு ஒரு தடவைகூடப் பயன்படவில்லை என்று தெரிந்து மூடிவிட்டார்கள்.

இப்போது பாருங்கள். நிறுவனம் உண்டு, விண்வெளி வீரர் உண்டு, திட்டமும் உண்டு. ஆனால் ‘மூளை பிரக்ஞையை உண்டாக்கவில்லை, ரேடியோப் பெட்டி மாதிரி வெளியிலிருந்து வாங்குகிறது, அவ்வளவுதான்’ என்ற கருத்தை விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஒன்று இருக்கிறது என்பதற்கும், அது சொல்வது சரி என்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. லாங்டன் அதைத் தாண்டிக் குதிக்கிற வேகத்தில் நீங்கள் குனிந்து பார்க்கவில்லை. கதைக்குள் அவர் தாராளமாகக் குதிக்கட்டும், அதற்குத்தான் காசு கொடுத்தோம். நீங்கள் அதை விஞ்ஞானப் பாடமாக வீட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான் எனக்குப் பதறுகிறது.

(கோலெம் என்ற களிமண் மனிதன் வருகிறானே, வாசலில் போடும் கோலம் அல்ல. அவனைச் செய்ததாகச் சொல்லப்படும் பிராக் நகரத்து யூத மதகுரு ரபி லோவ் 1609-இல் இறந்துவிட்டார். அவர் பெயரோடு சேர்ந்து அந்தக் கதை அச்சில் வருவது 19-ஆம் நூற்றாண்டில்தான். ‘பழம்பெரும் ஐதிகங்கள்’ பலவற்றின் வயது அவ்வளவுதான்.)

வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ‘நந்தினி கடைசியில் எந்த ஊருக்குப் போனாள்?’ என்ற கேள்வி இன்றைக்கும் இந்தப் பக்கத்துக்கு வருகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் சொல்கிறது. நந்தினி அதில் இல்லை, கல்கியின் பேனாவில்தான் பிறந்தாள். அதனால் அவள் மட்டமாகிவிடவில்லை. படித்தவர்கள் மறக்க முடியாமல் கடிதம் எழுதுகிறார்கள் என்றால் அந்தப் பெருமை கல்கிக்கு, கல்வெட்டுக்கு இல்லை. டான் பிரவுனையும் அப்படிப் புகழுங்கள் என்கிறேன், கற்பனைக்காக. ‘பொது அறிவு’ என்று புகழ்ந்தால் அவர் நன்றாகச் செய்த வேலையை விட்டுவிட்டு, செய்யாத வேலைக்கு மாலை போடுகிறீர்கள்.

அவருக்கும் இந்த வித்தியாசம் ஒரு தடவை உதவியிருக்கிறது. 1982-இல் வந்த ஒரு ‘சரித்திர ஆராய்ச்சி’ நூலின் ஆசிரியர்கள் மூவரில் இரண்டு பேர், எங்கள் சரக்கைத் திருடிவிட்டார் என்று அவருடைய பதிப்பாளர்மேல் லண்டனில் வழக்குப் போட்டார்கள். சரித்திரம் என்று சொல்லி விற்றதை இன்னொருவர் கதையில் பயன்படுத்தியதற்குத் திருட்டு என்று வழக்குப் போட்டால் எடுபடுமா? 2006-இல் தள்ளுபடி ஆயிற்று. நீதிபதி பீட்டர் ஸ்மித் சும்மா விடாமல், தீர்ப்பில் அங்கங்கே சில எழுத்துகளைச் சாய்வாக அச்சிட்டு, அதற்குள் சொந்தமாக ஒரு ரகசியச் சங்கேதத்தை ஒளித்து வைத்தார். வக்கீல்கள் உட்கார்ந்து விடுவித்தார்கள். ரசிகர் என்றால் அவர் ரசிகர்!

மதிப்புரை விஷயம் அப்படியே நிற்கிறது. நீங்களே எழுதுங்களேன். ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன். எந்த இடத்தில் மூச்சு நின்றது, எந்த இடத்தில் அலுத்தது, காதரின் ஒரு பெண்ணாக உங்கள் மனதில் நிற்கிறாரா, இல்லை லாங்டனுக்குப் பாடம் நடத்தும் ஆளாகவா, அதை எழுதுங்கள். ‘தகவல் களஞ்சியம்’ என்ற சொல் வந்தால் வெட்டிவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன். மறுபடி புரட்டிப் பார்க்கப் பிரதி வேண்டுமானால் என்னுடையதை அனுப்புகிறேன், பென்சில் புள்ளிகளைப் பொருட்படுத்தாதீர்கள். தயவு செய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.