கனவா நனவா: தடுமாறும் வாசகர்களின் கேள்விகளுக்கு மனநல வைத்தியரின் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை லூசிட் ட்ரீமிங் பற்றியவை, அதாவது கனவுக்குள் இருக்கும்போதே இது கனவு என்று அறிந்துகொள்வது பற்றியவை. அது கட்டுக்கதை இல்லை. 1975 இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பவர் அதைப் பதிவுசெய்தார். நித்திரையில் இருந்தவர், முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமுமாக அசைத்துக் கனவுக்குள்ளிருந்தே சைகை காட்டினார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் இதை நிரூபித்தார். ஆனால் எனக்கு எழுதியவர்கள் எப்படிப் பழகுவது என்று கேட்கவில்லை. பழகப் போய்ப் பகலில் தடுமாறுகிறோம் என்கிறார்கள். அதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

உயர்தரம் படிக்கிறேன். இரண்டு மாதமாக விடியப்புறம் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழும்பி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி படுத்து லூசிட் ட்ரீம் வருகிறதா என்று பார்க்கிறேன். கனவுகளை எழுதியும் வைக்கிறேன். இப்போது நடந்தது எது, கனவில் கண்டது எது என்று தெரியவில்லை. ஃபிசிக்ஸ் பாஸ்ட் பேப்பரைத் திருப்பித் தரவில்லை என்று கூட்டாளியோடு சண்டை பிடித்தேன். அது என் மேசை லாச்சியிலேயே இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? – மாணவன், கல்லடி

தம்பி, நீங்கள் லாச்சியைத் திறந்தீர்கள், பேப்பரைக் கண்டீர்கள், பிழை என்னுடையது என்று ஏற்றுக்கொண்டீர்கள். ஆதாரத்தைக் கண்டதும் நினைப்பைத் திருத்திக்கொள்ள முடிகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நடந்திருப்பது ஞாபகக் குழப்பம்.

ஒரு ஞாபகம் எங்கிருந்து வந்தது என்று மூளை எங்கும் குறித்து வைப்பதில்லை. எவ்வளவு தெளிவாக இருக்கிறது, முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை வைத்து, இது நடந்தது, இது நினைத்தது என்று பிறகுதான் ஊகிக்கிறது. சாதாரணமாகக் கனவு எழும்பிய சில நிமிடத்திலேயே மறந்துபோகும். கனவு அதிகம் வரும் ரெம் நித்திரையில் நோர்எபிநெஃப்ரின் என்ற இரசாயனம் மிகவும் குறைந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். அந்த மறதி நமக்கு ஒரு பாதுகாப்பு. நீங்கள் செய்வது அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடுவது. கனவிலிருந்து நேரே எழும்புகிறீர்கள், அதை ஒருமுறை மனதில் ஓட்டுகிறீர்கள், எழுதுகிறீர்கள், பிறகு வாசிக்கிறீர்கள். பாடத்தை மனதில் பதிக்க என்ன செய்வீர்களோ அதையே கனவுக்கும் செய்கிறீர்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். கல்லடிப் பாலத்துக்கு மேலே பறந்ததாகக் கனவு கண்டால் ஒருவரும் குழம்புவதில்லை. பாஸ்ட் பேப்பர், ட்யூஷன் வகுப்பு, கூட்டாளி என்று அன்றாடம் நடக்கக்கூடிய கனவுகள்தான் ஏமாற்றும். அதனால் எழுதுவதை அடியோடு விட முடியாவிட்டாலும் இப்படியான சாதாரணக் கனவுகளை எழுதவே வேண்டாம். மற்றவற்றையும் இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். முதல் சொல்லாகக் ‘கனவு’ என்று போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாடக் குறிப்பு இருக்கும் கொப்பியிலோ போனிலோ அதை வைக்க வேண்டாம்.

அலாரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். இரவு ட்யூஷன் முடிந்து வந்து, பதினொன்றரைக்குப் படுத்து, மூன்று மணிக்கு எழும்பினால் மிஞ்சுவது என்ன? ரெம் நித்திரை கூடுதலாக வருவது இரவின் கடைசிப் பகுதியில். நீங்கள் வெட்டுவது அதைத்தான். நித்திரை குறைந்தால், எது நடந்தது, எது கனவு என்ற மூளையின் ஊகமும் தவறும். இரண்டு மூன்று கிழமை எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளுங்கள். அதுவரை சந்தேகம் வந்தால் மனதைக் கேட்காதீர்கள், வெளியே பாருங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி இருக்கிறதா? லாச்சியில் இருக்கிறதா? கூட்டாளியிடம் “நான் தந்தேனா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள், சண்டைக்கு முன்.

பகலில் அடக்க முடியாமல் நித்திரை வருவது, சிரிக்கும்போது முழங்கால் தளர்வது இருந்தால் மட்டும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நார்கோலெப்சி என்ற நித்திரை நோயில் இந்தக் குழப்பம் மிக அதிகம். 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், கனவை நிஜம் என்று நம்பிய அனுபவம் அந்த நோயாளிகளில் 83 வீதத்தினருக்கு இருந்தது. நோய் இல்லாதவர்களிலும் 15 வீதத்தினருக்கு இருந்தது. ஆக, இது உங்களுக்கு மட்டும் வந்ததல்ல.

நான் லூசிட் கிசிட் ஒன்றும் பழகவில்லை. நோன்பு காலத்தில் சஹர் செய்து, சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்தால் எழும்பி முகம் கழுவி, பிள்ளைகளை எழுப்பி, தேத்தண்ணி ஊற்றுகிறேன். பிறகு பார்த்தால் இன்னும் படுக்கையில்! ஒரு நாள் மூன்று தரம் இப்படி. – குடும்பப் பெண், சாய்ந்தமருது

சகோதரி, கல்லடித் தம்பி அலாரம் வைத்துச் செய்வதை நீங்கள் தெரியாமலே செய்திருக்கிறீர்கள். சில மணித்தியாலம் நித்திரை, இடையில் அரை மணி நேரத்துக்கு மேல் நல்ல விழிப்பு, மறுபடி விடியற்கால நித்திரை. லூசிட் ட்ரீம் பழக்குபவர்கள் சொல்லும் முறையே இதுதான். அந்த நேரத்தில் விழிப்பும் ரெம் நித்திரையும் ஒன்றோடொன்று கலக்கும். எழும்ப வேண்டும் என்ற கவலையோடு படுப்பதால் எழும்புவதையே கனவு காண்கிறீர்கள். இது பலருக்கும் வரும். கெடுதி இல்லை.

எழும்பியதும் சுவரில் இருக்கும் கலண்டரில் ஒரு வரியை வாசித்து, பார்வையை எடுத்து, மறுபடி வாசியுங்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். போனை எழும்பி நடந்தால்தான் எடுக்கலாம் என்ற தூரத்தில் வையுங்கள். முடிந்தால் காலை நித்திரையைக் குறைத்து, லுஹர் தொழுகைக்குக் கிட்டக் கைலூலாவாக, அதாவது பகல் குட்டி நித்திரையாக, இருபது நிமிடம் படுங்கள். அந்த நேரத்துக்குள் பெரும்பாலும் ரெம் நித்திரை வராது.

லூசிட் ட்ரீம் பழக நாள் முழுக்க ரியாலிட்டி செக், அதாவது இது கனவா நனவா என்ற சோதனை, செய்யச் சொல்கிறார்கள். மூக்கைப் பொத்தி மூச்சு விடுவேன், உள்ளங்கையில் விரலைக் குத்திப் பார்ப்பேன். இப்போது முழித்திருக்கும்போதே எல்லாம் படம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கூட்டாளிமார் கதைப்பது தூரத்தில் கேட்கிறது. உண்மையிலேயே முழித்துத்தான் இருக்கிறேனா என்று மறுபடி செக் பண்ணுகிறேன். – இளைஞன், வாழைச்சேனை

தம்பி, எல்லாச் செக்கையும் இன்றோடு விடுங்கள். ஒன்றுகூட வேண்டாம்.

உங்கள் பிரச்சினையும் கல்லடி மாணவனின் பிரச்சினையும் வேறுவேறு. அவருக்கு ஞாபகம் குழம்புகிறது. உங்களுக்கு, முழித்திருக்கிறேன் என்று தெரிகிறது, ஆனால் அப்படி உணர முடியவில்லை. உலகம் அந்நியமாகத் தெரியும் இந்த நிலையைப் பதற்றம் உள்ளவர்களிடமும், நித்திரை கெட்டவர்களிடமும், கஞ்சா பாவிப்பவர்களிடமும் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பாவித்தால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம், ஏச மாட்டோம். நிறுத்திய பிறகும் சில கிழமைக்குக் கனவுகள் மிகக் கடுமையாக வரும், அதுவும் தெரிந்திருக்கட்டும்.

கதவைப் பூட்டினேனா என்று திரும்பித் திரும்பிப் போய்ப் பார்ப்பவரைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நிம்மதி கொஞ்ச நேரம், பிறகு சந்தேகம் இன்னும் பெரிதாகும். மூக்கைப் பொத்துவதும் இப்போது உங்களுக்கு அப்படி ஆகிவிட்டது. அந்தப் பயிற்சியை விற்பவர்கள், பதற்றக்காரருக்கு இது ஆகாது என்று சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

சந்தேகம் வரும்போது பதில் தேடாதீர்கள். “சரி, அந்த உணர்வு வந்திருக்கிறது” என்று விட்டுவிட்டு, கை செய்கிற வேலையைத் தொடருங்கள். கிரிக்கெட் விளையாடுங்கள், வலை பொத்துகிற இடத்தில் போய் உட்கார்ந்து கதையுங்கள், கிணற்றுத் தண்ணீரில் தலை முழுகுங்கள். உணர்வு தானாகக் கரையும். மூன்று நான்கு கிழமை கழித்தும் இருந்தால், அல்லது வேலைக்குப் போக முடியாத அளவுக்குத் தொந்தரவு தந்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

விடியக்காலைக் கனவு பலிக்கும் என்று அம்மம்மா சொல்வார். உண்மையா? – ஆரையம்பதி

விடியக்காலைக் கனவு ஞாபகம் இருக்கும், அது உண்மை. நீண்ட, கதை போன்ற கனவுகள் அந்த நேரத்தில்தான் கூடுதலாக வரும், அப்படியே எழும்பியும் விடுகிறோம். நிறைய ஞாபகம் இருந்தால் ஒன்றிரண்டு நடப்போடு பொருந்தத்தானே செய்யும்.

முழிப்பிலிருந்து நேரே கனவுக்குள் போகும் முறையைப் பழகுகிறேன். கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி அமுக்குவார்கள், கதவடியில் ஓர் உருவம் நிற்கும். அம்மா பேய் அமுக்குது என்று நூல் கட்டிவிட்டார். – களுவாஞ்சிகுடி

ரெம் நித்திரையில் கை கால் தசைகளை மூளை செயலிழக்க வைக்கும், இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது உண்மையிலேயே எழும்பி ஓடிவிடுவோம். மனம் விழித்த பிறகும் அந்தப் பூட்டு சில விநாடியோ, ஓரிரு நிமிடமோ திறக்காமல் இருப்பதுதான் இது. கதவடியில் நிற்கும் உருவம், நீங்கள் கண் திறந்தபடி காணும் கனவு. நீங்கள் பழகும் முறை இதை வலிந்து வரவழைக்கிறது, அதை விடுங்கள். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுங்கள். வந்துவிட்டால் திமிறாமல் மூச்சை மெதுவாக விட்டு, ஒரு கால்விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். அம்மா கட்டிய நூல் இருக்கட்டும், அதோடு எனக்குச் சண்டை இல்லை. நித்திரை நேரத்தையும் சேர்த்துச் சரி செய்யுங்கள்.

கலன்டமைன் குளிசை போட்டால் லூசிட் ட்ரீம் உடனே வருமாம். வாங்கலாமா? – கல்முனை

வேண்டாம். அது அல்ஸைமர் நோய்க்குரிய மருந்து. 2018 இல் வெளியான ஓர் ஆய்வில் லூசிட் ட்ரீமைக் கூட்டியது உண்மைதான். ஆனால் வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும், இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து.

சுனாமியில் மகளைப் பறிகொடுத்தேன். இன்றும் அலை வருகிற கனவு வரும். எழும்பினாலும் கனவு விட்டுப் போகாது, கால் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். லூசிட் பழகினால் கனவை மாற்றலாம் என்று மருமகன் சொல்கிறார். – நாவலடித் தாய்

அம்மா, உங்கள் கடிதத்தை நான் பலமுறை வாசித்தேன். காலைத் தொட்டுப் பார்ப்பதில் எந்தப் பிழையும் இல்லை. அது செக் பண்ணும் பழக்கம் அல்ல, ஒரு பயங்கரத்திலிருந்து மீண்டு வரும் வழி.

மருமகன் சொல்வதில் உண்மை உண்டு, லூசிட் முறையைக் கெட்ட கனவுகளுக்குப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைப் பழக நித்திரையைக் குலைக்க வேண்டும். உங்களுக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன். பகலில் முழு விழிப்போடு செய்யும் முறை ஒன்று இருக்கிறது. கனவைச் சொல்லி, அதன் போக்கை நீங்கள் விரும்பியபடி மாற்றி, மாற்றிய கனவைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பல கிழமை செய்யும்போது கனவு குறைகிறது, வந்தாலும் வேகம் தணிகிறது. தனியாகச் செய்ய வேண்டாம். பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், முதலில் அந்தக் காலைப்பொழுதை எடுக்கவும் கூடாது, சின்னதொரு கனவில் தொடங்க வேண்டும்.

இரவுக்கு இப்போதே ஒன்று செய்யலாம். மங்கலான லைட் ஒன்றைப் போட்டு வையுங்கள். 2004 இல் உங்களிடம் இல்லாத ஒரு பொருளைத் தலைமாட்டில் வையுங்கள், பேரப்பிள்ளையின் படமானாலும் சரி. எழும்பியதும் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் மழையும் வெள்ளமும் வந்து, அந்த நாளும் நெருங்கும்போது கனவு கூடும். அப்போது வீட்டில் தனியே படுக்காதீர்கள். பிரஷருக்கு புரொப்ரனலோல் போன்ற குளிசை எடுக்கிறீர்கள் என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், சிலருக்கு அது கனவைக் கடுமையாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மகனுக்குப் பத்தொன்பது வயது. சில மாதமாக இந்தக் கனவுப் பயிற்சி. இப்போது இரவில் இரண்டு மணித்தியாலம்கூட நித்திரை இல்லை. கனவில் வந்தவர்கள் பகலிலும் கட்டளை போடுகிறார்கள் என்கிறான். இதுவும் கனவுதான், விழுந்தாலும் எழும்பிவிடுவேன் என்று நேற்று தண்ணீர்த் தாங்கியில் ஏறப் பார்த்தான். – தாய், திருக்கோவில்

அம்மா, மேலே உள்ள எவரையும் போல அல்ல இது. இன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடலாம். என்ன செய்வதென்று கேட்க 1926 தேசிய மனநல உதவி இலக்கம் இரவும் பகலும் இருக்கிறது. அதுவரை ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள், மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து வையுங்கள். இது கனவில்லை என்று வாதாட வேண்டாம், அது அவருக்கு ஏறாது. “நித்திரை இல்லாமல் களைத்துப் போயிருக்கிறாய், அதற்கு மருந்து எடுப்போம்” என்று சொன்னால் பெரும்பாலும் வருவார். கனவுப் பயிற்சிதான் காரணம் என்று நினைத்து அவரையோ உங்களையோ குற்றம் சொல்லாதீர்கள். இந்த வயதில் தொடங்கும் நோய்கள் இருக்கின்றன, நித்திரைக் கேடு அவற்றைத் தூண்டும், விரைவாகச் சிகிச்சை தொடங்கினால் நன்றாகக் குணமாகும் வாய்ப்பு அதிகம். எத்தனை நாளாக நித்திரை இல்லை, என்ன சாப்பிட்டார், ஏதும் பாவித்தாரா என்று ஒரு துண்டில் எழுதி எடுத்துப் போங்கள்.