கடற்கரை இல்லாத தீவில் என்ன பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

மகள் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கிறாள். வரும் ஜூலையில் அவள் குடும்பத்தோடு நாங்கள் இருவரும் பசிபிக் பெருங்கடலில் இருக்கும் தாஹிதி, போரா போரா தீவுகளுக்குப் போகிறோம். நடுவில் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது. அதே பக்கத்தில் இருக்கும் ராயாத்தேயா தீவைப் பற்றி ஒரு கட்டுரையில் நீங்கள் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை விசாரித்துவிட்டு, “அங்கே பீச்சே கிடையாதாம், ஒரு கல்தளம்தான் இருக்கிறதாம்” என்கிறார். இவ்வளவு செலவு செய்து போய்க் கல்லையா பார்ப்பது என்று என் கணவர் கேட்கிறார். எட்டு வயதுப் பேத்தியும் வருகிறாள். போகலாமா? போனால் எதைப் பார்ப்பது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

போங்கள். இரண்டு நாளையும் ராயாத்தேயாவுக்கே கொடுங்கள்.

மாப்பிள்ளை சொன்னது சரிதான். பெரிய தீவில் மணற்கரை என்று சொல்லும்படி ஏதும் இல்லை. மணல் வேண்டுமென்றால் படகில் ஏறி, பவளத்திட்டின் மேல் இருக்கும் குட்டித் தீவுகளுக்குப் போக வேண்டும். மணலும் நீலத் தண்ணீரும் போரா போராவில் வேண்டிய மட்டும் கிடைக்கும். அதை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்தளத்தின் பெயர் தபுதபுவாத்தேயா. தீவின் தென்கிழக்கில், ஓபோவா என்ற ஊரில் கடலை ஒட்டி இருக்கிறது. கூரையில்லாத இப்படிப்பட்ட வழிபாட்டுத் தளத்தை அங்கே மராயே என்பார்கள். கருங்கல் பரப்பிய திறந்த முற்றம், அதன் ஒரு முனையில் ஆளுயரத்தை மிஞ்சும் பவளப் பலகைகளை நிறுத்திக் கட்டிய மேடை. அவ்வளவுதான். கோபுரம் பார்த்து வளர்ந்த நமக்கு முதல் பார்வையில் அது ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நல்ல வெயிலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் திருப்பி நிறுத்திக் கடலைக் காட்டினார். தொலைவில் பவளத்திட்டின் மேல் அலை உடைந்து வெள்ளைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் அந்தக் கோடு அறுந்து, நடுவில் கருநீலமாகத் தண்ணீர். தெ ஆவா மோவா, புனித வாசல். பெருங்கடலிலிருந்து படகுகள் உள்ளே வரும் வழி.

அதைப் பார்த்த பிறகுதான் கல் பேச ஆரம்பித்தது. ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து ஆகிய மூன்றையும் மூலைகளாக வைத்து ஒரு முக்கோணம் போட்டால் அதன் நடுப்பகுதியில் இந்தத் தீவு வரும். எட்டுத் திசையும் கை நீட்டிய ஆக்டோபஸாகத் தங்கள் கடலை நினைத்த பாலினீசியர்கள், அதாவது இந்த முக்கோணத்துத் தீவுகளின் மக்கள், அதன் தலையாக இந்த இடத்தைச் சொன்னார்கள். வேறு தீவில் புது மராயே எழுப்பும்போது இங்கிருந்து ஒரு கல்லைக் கொண்டுபோய் வைப்பது மரபு. அவர்களுடைய படகுகளில் திசைகாட்டி கிடையாது. விண்மீனையும் அலையின் போக்கையும் பறவையையும் பார்த்தே ஓட்டினார்கள். 1995-ல் ஹவாயிலிருந்தும் குக் தீவுகளிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் பழைய மாதிரியில் கட்டிய இரட்டைப் படகுகள் மறுபடி அந்த வாசல் வழியாக வந்தன. 2017-ல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது.

இந்த மண்ணில் பிறந்த துப்பையா என்ற பூசாரியைப் பற்றியும் வீட்டில் சொல்லிவையுங்கள். 1769-ல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறியவர். தான் அறிந்த தீவுகளைக் குக்குக்கு வரைபடமாகக் குறித்துக் கொடுத்தார். நியூசிலாந்தில் கரையிறங்கியதும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளோடு நேராகப் பேசினார், அவர்களுக்குப் புரிந்தது! அத்தனை கடல் தாண்டியும் மொழி அவ்வளவு நெருக்கம். ஊர் திரும்பவில்லை. 1770-ல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், நோயில் இறந்தார். அவருடைய ஊர்க் கடலைப் பார்த்து நின்றபோது எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்னொன்று. பழைய மராயேக்களைச் சுற்றிப் புன்னையும் பூவரசும் வைத்து வளர்த்தார்கள். இரண்டும் அவர்களுக்குப் புனித மரங்கள். ஆமாம், நம் நெய்தல் பாட்டில் வரும் அதே புன்னை, நம் தெருவில் நிற்கும் அதே பூவரசு. உங்கள் கணவருக்கு மரம் பிடிக்குமென்றால் இதைச் சொல்லியே கூட்டிப்போகலாம்.

மறுநாள் காலை ஃபாஅரோவா ஆற்றில் துடுப்புப் படகில் போங்கள். இருபுறமும் மரம் கவிந்து, நீரோட்டம் மெதுவாக, குழந்தைக்கும் பயமில்லாமல் இருக்கும். தெமெஹானி மலைக்கு நீங்கள் இருவரும் ஏற வேண்டாம். செங்குத்து, மழை பெய்தால் சேறு. மாப்பிள்ளை வழிகாட்டியோடு போகட்டும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத தியாரே அப்பெத்தாஹி அங்கேதான் பூக்கிறது. ஐந்து இதழும் ஒரே பக்கமாக, விரித்த கை மாதிரி இருக்கும். அழிவின் விளிம்பில் இருக்கும் செடி, பறிக்கத் தடை. நேரம் இருந்தால், ராயாத்தேயாவைப் போலவே அதே பவளத்திட்டுக்கு உள்ளே, அதே கடல்நீர் ஏரியில் இருக்கும் தஹாஆ தீவுக்குப் போய் வெனிலாத் தோட்டம் பாருங்கள்.

விசா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சுப் பகுதிதானே என்று ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவோடு கிளம்பிவிடாதீர்கள், அது அங்கே பொதுவாகச் செல்லாது. இந்தத் தீவுகள் அடங்கிய பிரெஞ்சு பாலினீசியாவுக்கென்று பொதுவாகத் தனியாக வாங்க வேண்டும். தாஹிதியிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். உத்துரோவா ஊரில் வண்டி எடுத்துக்கொண்டு காலையிலேயே மராயேவுக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நிற்க முடியாது. கல் மேல் ஏறக்கூடாது.

அப்புறம், பேத்தி ஆக்லாந்தில் படிக்கிறாள் அல்லவா? பள்ளியில் கொஞ்சம் மாவோரிச் சொற்கள் கற்றிருப்பாள். மாவோரியில் ஓடத்துக்கு வாக்கா, ராயாத்தேயாவில் அதையே வாஆ என்பார்கள். மீன் அங்கே இக்கா, இங்கே இஆ. பறவை இரண்டிலும் மனுதான். ராயாத்தேயாவை மாவோரிகள் ரங்கியாத்தேயா என்பார்கள். “நான் அழியமாட்டேன், ரங்கியாத்தேயாவிலிருந்து விதைக்கப்பட்ட விதை நான்” என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. கல்தளத்தின் பக்கத்தில் உள்ளூர்க்காரர் யாராவது இருந்தால், தனக்குத் தெரிந்த மாவோரிச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள் அவளை. எந்தெந்தச் சொல் அவருக்குப் புரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.