டல்லாஸ் குளிருக்கு புரோபேன் ஹீட்டர் வாங்கலாமா?

கேள்வி: மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறான். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸில் மின்சாரம் போய் லட்சக்கணக்கான வீடுகள் குளிரில் உறைந்ததிலிருந்து அவனுக்கு ஒரு பயம். நானும் கணவரும் டிசம்பரில் போகிறோம் என்றதும் புரோபேன் கேஸில் எரியும் ஹீட்டர் ஒன்று வாங்கி வைக்கப் போவதாகச் சொல்கிறான். இங்கே சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இத்தனை காலம் கேஸ் சிலிண்டரில் சமைத்தவள்தான் நான். ஆனால் கூடத்தில் வைத்து எரிப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. என்ன பார்த்து வாங்கச் சொல்ல?
- வாசகி, ஈசூன்

பதில்: நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சமையலறையில் நாம் பயப்படுவது கசிவுக்கு. அதற்கு நாற்றம் சேர்த்திருப்பதால் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஹீட்டரில் கசிவோடு இன்னொன்றும் சேர்கிறது: காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் வீட்டில் ஜன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும். அங்கே குளிருக்குப் பயந்து இடுக்கைக்கூட அடைத்துவிடுவார்கள். 2021இல் மின்சாரம் போனபோது வீட்டுக்குள் ஜெனரேட்டர், கரி அடுப்பு என்று எரித்து டெக்சாஸில் பலர் இந்த வாயுவுக்குப் பலியானார்கள்.

அதனால் ஹீட்டருக்கு முன்னால் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கச் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. மின்வெட்டிலும் ஒலிக்க வேண்டும் என்பதால் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். பெட்டியில் யுஎல் 2034 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையறைக்கு வெளியே ஒன்று கட்டாயம்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். தோட்டத்தில் குடைபோல நிற்பதும், கட்டுமான இடங்களில் உறுமுவதும் வீட்டுக்குள் வரவே கூடாது. சாய்ந்தால் தானே அணையும் வசதியும், ஆக்சிஜன் குறைந்தால் கேஸை நிறுத்தும் சென்சாரும் வேண்டும். கடைக்காரர்கள் இந்தச் சென்சாரைக் காட்டி "முழுப் பாதுகாப்பு" என்பார்கள். அது பார்ப்பது ஆக்சிஜனை மட்டும். கார்பன் மோனாக்சைடை அது அளக்காது. சிஎஸ்ஏ போன்ற தரச்சான்று இல்லாத மலிவுச் சரக்கு இணையத்தில் நிறைய. அது வேண்டாம்.

ஹீட்டரின் வெப்பத் திறனை அங்கே பிடியு என்ற அளவில் சொல்வார்கள். மணிக்கு 9,000 பிடியு ஒரு சாதாரண அறைக்குப் போதும், ஏறக்குறைய 2.6 கிலோவாட். முழு வேகத்தில் ஒரு பவுண்டு புரோபேன் கேன் இரண்டரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே எல்லாரும் ஒரே அறையில் கூடி உட்கார்வதற்கான சாதனம் இது, வீடு முழுவதையும் சூடாக்காது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் படிக்கட்டும். கலிஃபோர்னியாவில் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டருக்கு வீடுகளில் தடையே உண்டு.

எரியும் நேரம் முழுக்க ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். திரைச்சீலை, சோபா, போர்வை எல்லாம் 3 அடி தள்ளி. தூங்கப் போகும்போது அணைத்தே ஆக வேண்டும், எவ்வளவு குளிரானாலும். பார்பிக்யூவுக்கு வைத்திருக்கும் 20 பவுண்டு சிலிண்டர் வீட்டுக்குள் வரக் கூடாது. புரோபேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். கேன் மாற்றுவதை வெளியே வைத்துச் செய்யட்டும். கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கே தெரியும்.

ஜன்னல் கண்ணாடி வியர்த்தால் பயப்படாதீர்கள். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். ஆனால் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் சளிக்காய்ச்சல் என்று படுத்துவிடாதீர்கள். உடனே எல்லாரும் வெளியே போய் 911ஐ அழையுங்கள்.

கேள்வி: அலாரத்தை இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா?

பதில்: அங்கேயே வாங்குங்கள். அந்நாட்டுத் தரச்சான்று உள்ளது அங்கே எளிதாகக் கிடைக்கும். பின்பக்கம் காலாவதி தேதி இருக்கும், பழைய சரக்கைத் தள்ளிவிடாமல் பார்த்து வாங்கலாம். அப்புறம், திரும்பும்போது மிச்சமான கேனைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். விமானத்தில் அதற்கு அனுமதி இல்லை.