நாலு மாட்டை அறிந்தவருக்கு ஒரு குரங்கு பிடிபடாதா?

கேள்வி: என் மகள் தாம்பரத்தில் இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பள்ளத்தூரிலிருந்து போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருவேன். பேரனுக்கு ஒன்பது வயது, மிருகம் என்றால் உயிர். பக்கத்திலேயே வண்டலூர் பூங்கா இருப்பதால் என்னை இழுத்துக்கொண்டு போகிறான். போன மே மாதம் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனோம். பேட்டரி வண்டியில் ஒரு சுற்று வந்தோம். பாதி மிருகம் தூங்கியது, மீதி கண்ணில் படவேயில்லை. திரும்பும்போது, "ஆயா, அந்தப் புலிக்குப் பேர் என்ன, அதுக்கு நம்மளத் தெரியுமா?" என்று கேட்டான். என்ன சொல்வது? நான் எட்டாவது வரைதான் படித்தேன். வீட்டில் நாலு மாடு வைத்திருந்தேன், எனக்குத் தெரிந்த மிருகம் அவ்வளவுதான். மாப்பிள்ளையோ, "அது ஜெயில், அங்கே எதற்குப் போகிறீர்கள்?" என்கிறார். முழங்கால் வலி வேறு. அந்த மிருகங்களை இவனுக்கு எப்படிப் பழக்கிவிடுவது? இப்போது கிளி வேறு வாங்கித் தரச் சொல்கிறான்.
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, எட்டாவது படித்ததை விடுங்கள். "நாலு மாடு வைத்திருந்தேன்" என்று ஏதோ குறை போல எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உங்கள் கடிதத்தில் பிடித்த வரியே அதுதான்.

அந்த நாலு மாட்டையும் உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. எது மயிலை நிறம், எது செவலை நிறம் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் எது இடப்பக்கம் போனால் உதைக்கும், எது மற்றதன் தவிட்டுத் தொட்டியில் வாயை வைக்கும், மழைக்கு முன்னால் எது கட்டுத்தறியில் நிலைகொள்ளாமல் நிற்கும் என்பதெல்லாம் தினமும் அதன் பக்கத்தில் நின்றதால் தெரிந்தது. நம் சிவகங்கைப் பக்கம் புலிக்குளம் இன மாடுகளைக் கூட்டமாக ஓட்டிப்போய் வயலில் கிடை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நூறு மாடு இருந்தாலும் கொம்பின் வளைவை வைத்தே ஒவ்வொன்றையும் சொல்லிவிடுவார்கள், சாயங்காலம் ஒன்று குறைந்தால் எது குறைகிறது என்பது எண்ணாமலே தெரியும். பூங்காவில் செய்ய வேண்டியதும் இதேதான். நீங்கள் போன தடவை செய்தது வேறு, ஆயிரம் மாட்டை ஜீப்பில் இருந்து பார்த்த மாதிரி.

அதனால் அடுத்த தடவை எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர், கிட்டத்தட்ட 1,500 ஏக்கர், அதை ஒரே நாளில் சுற்றி முடிக்க உங்கள் முழங்கால் மட்டுமில்லை, என் முழங்காலும் ஒத்துக்கொள்ளாது. ஒரே ஒரு அடைப்பைத் தேர்ந்தெடுங்கள். அங்கே முக்கால் மணி நேரம் உட்காருங்கள். இரண்டு மாதம் கழித்துப் போகும்போதும் முதலில் அதே இடத்துக்குப் போங்கள். "பாத்தாச்சே ஆயா" என்று பையன் முதலில் முணுமுணுப்பான், முணுமுணுக்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? புலி வேண்டாம் என்பேன், முதல் தடவைக்கு. பூனைச்சாதி நாளில் பெரும்பகுதி தூங்கியே கழிக்கும், அதுவும் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு நீங்கள் போனால் அது எழுந்து வந்து வணக்கமா சொல்லும்? சிங்கவால் குரங்கில் ஆரம்பியுங்கள். சோலைமந்தி என்பதும் அதுதான், மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாதது, நம் ஆனைமலைப் பக்கம் உண்டு. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். தீனி வைத்த உடனே பார்த்தால் கன்னம் இரண்டும் புடைத்துப்போய், வாயில் கொழுக்கட்டையை ஒதுக்கிவைத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். கன்னத்துக்குள்ளே பை இருக்கிறது. கூட்டத்தில் கிடைத்ததை முதலில் அதில் திணித்துக்கொண்டு, பிறகு ஒரு மூலைக்குப் போய் வெளியிலிருந்து கையால் அழுத்தி அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக மெல்லும். இதைப் பத்து நிமிடம் பார்த்தாலே யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். பெரிய ஆண் வந்தால் யார் எழுந்து இடம் விடுகிறார்கள், யார் விடுவதில்லை, யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லுங்கள் (பேன் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு, அது பெரும்பாலும் தோலைச் சுத்தம் செய்வதும் உறவு கொண்டாடுவதும்தான்). ஒரு கூட்டுக்குடும்பத்து வளவில் இருந்து பழகிய உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதில் "குரங்கு அழகாக இருந்தது" என்று எழுதக் கூடாது, அது ஒன்றுதான் விதி. என்ன செய்தது என்று மட்டும் எழுத வேண்டும், மணியோடு. "10.15. வலது காது கிழிந்தது சின்னதிடமிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்கியது. 10.20. சின்னது பின்னால் வந்து முதுகில் ஏறியது." இப்படி. வலது காது கிழிந்தது என்று ஒரு பேர் அவனாகவே வைத்துவிட்டானா, அந்த நிமிடமே அவனுக்கு ஒரு குரங்கைத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீர்யானை. இதற்கும் உட்கார்ந்தால் போதும், நடக்க வேண்டாம். தண்ணீருக்குள் போன நீர்யானை ஐந்து நிமிடம் வரை மூச்சடக்கும். ஒருமுறை நான் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன், பக்கத்தில் வந்த நாலு குடும்பம் "ஒண்ணுமே இல்லையே இங்கே" என்று போய்விட்டது. அப்புறம் இரண்டு மூக்குத்துவாரம் மட்டும் மேலே வந்தது, மூடியிருந்தது திறந்து 'புஸ்' என்று தண்ணீரைத் தெறித்தது, அதன் பின்னால் கண், அதன் பின்னால் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு குட்டிக் காது விர்ரென்று சுழன்று தண்ணீரை உதறியது, மறுபடி எல்லாம் உள்ளே. அவ்வளவுதான். ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று பையன் எண்ண ஆரம்பித்தால் அரைமணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டான்.

புலிக்கு வருவோம், அவன் கேட்டது அதைத்தானே. பேர் இருக்கும், அதை அங்கே வேலை செய்கிற கீப்பரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கிற நேரம் ஒன்று இருக்கிறது, தீனி வாளியோடு ஓடும்போது கேட்காதீர்கள். ஓய்வாக நிற்கும்போது, பேரை முதலில் கேட்காமல், "இன்னைக்கு நல்லா சாப்பிட்டுச்சா?" என்று ஆரம்பியுங்கள். மாடு வளர்த்தவர் கேட்கிற கேள்வி அது, அவருக்கும் புரியும், மீதியை அவரே சொல்வார். ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. பையனை ஒரே ஒரு புலியின் ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் நோட்டில் வரையச் சொல்லுங்கள், அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வெள்ளைப்புலியும் வேறு சாதி இல்லை, நம் வங்கப்புலிதான், நிறம் மட்டும் மாறிப் பிறந்தது, அதற்கும் வரி உண்டு. புலிக்கு உங்கள் பேரனைத் தெரியுமா என்றால், தெரியாது. கீப்பரைத் தெரியும். நாம் எல்லாரும் அதற்கு ஒரே இரைச்சல். இதை மறைக்காமல் அவனிடம் சொல்லிவிடுங்கள், பழகுவது ஒருபக்கமாகவும் இருக்கலாம் என்று ஒன்பது வயதில் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

மாப்பிள்ளை சொல்வதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள், பாதி உண்மை. சென்னையில் இந்த மிருகக்காட்சி 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் என்பவர் அருங்காட்சியகத்தை ஒட்டி ஆரம்பித்தது, பிறகு நகரத்துக்குள்ளேயே வேறு இடத்தில் பல காலம் நடந்து, இடம் போதாமல் 1985-ல் வண்டலூருக்கு வந்தது. அங்கே பெரிய மிருகங்களுக்குக் கம்பிக்குப் பதில் அகழி வெட்டி, மரம் மண் விட்டிருக்கிறார்கள், அது முன்னேற்றம்தான். அதற்காக அது காடு ஆகிவிடாது. ஏதாவது ஒரு மிருகம் ஒரே தடத்தில் போவதும் திரும்புவதுமாக, போவதும் திரும்புவதுமாக இருந்தால் "வாக்கிங் போகுது" என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். அடைப்பில் இருக்கிற மிருகத்துக்கு வருகிற கோளாறு அது. அதையும் நோட்டில் மணியோடு எழுதட்டும். நல்ல பூங்காக்களில் இதைக் குறைப்பதற்காகவே தீனியை மரப்பொந்தில் ஒளித்து வைப்பார்கள், தேடி எடுக்க வேண்டும். மாப்பிள்ளையையும் ஒருநாள் கூட்டிப்போய் உட்கார வையுங்கள், எனக்கென்னவோ அவர் சண்டை போட்டுக்கொண்டே வந்து கடைசியில் எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

தேன்குழல் கட்டிக்கொண்டு போவீர்கள், தெரியும். நீங்கள் சாப்பிடுங்கள். நான் பத்து வயதில் ஒரு பூங்காவில் கரடிக்குத் தேன்குழல் எறிந்தேன், அது பின்னங்காலில் நின்று கையேந்தியது, குடும்பமே கைதட்டியது. அங்கிருந்த காவலாளி வந்து போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அவர் செய்தது சரி. தீனி எறிவது, சீண்டுவது, கத்துவது எல்லாம் சட்டப்படியே குற்றம்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. காலையில் திறந்த உடனே போங்கள், பகல் ஏறினால் எல்லாம் நிழலுக்குள் போய்விடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன்தானே, பஸ் கூட்டத்தில் இடிபட வேண்டாம். பூங்காவுக்குள் ஓட்டேரி ஏரி இருக்கிறது, மழைக்காலம் முடிந்து போனால் அங்கே வரும் பறவைகளை யாரும் அடைத்து வைக்கவில்லை, அதுவாக வந்து அதுவாகப் போகிறது. மாப்பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம்.

பறவை என்றதும் நம் ஊருக்கு வந்துவிடுகிறேன். பையன் பொங்கல் லீவுக்குப் பள்ளத்தூர் வருவானில்லையா, திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடி சரணாலயத்துக்குக் கூட்டிப்போங்கள். 1977-லிருந்து சரணாலயம், ஆனால் அதற்கு முன்பிருந்தே கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கண்மாயில் தண்ணீர் இருக்கிற வருஷம் போக வேண்டும், வறண்ட வருஷம் போனால் கருவேல மரத்தைத்தான் பார்க்கலாம். நத்தைகுத்தி நாரையைத் தேடச் சொல்லுங்கள். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும், பாக்குவெட்டி சரியாகப் பொருந்தாத மாதிரி. நத்தையை எடுத்துத் தின்பதற்கு ஏற்ற அலகு. பாம்புத்தாரா என்கிற நீர்ப்பறவை முங்கி எழுந்து சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதன் இறகில் தண்ணீர் ஊறும்.

அதுவும் தூரம் என்றால் உங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடக்கிற வீடு எத்தனை? அதில் ஏதாவது ஒன்றில் கூகை இருக்கும், சாக்குருவி என்று விரட்டுவார்களே, அதுதான். சொந்தக்காரரிடம் சாவி வாங்கி ஒருநாள் பகலில் இரண்டாங்கட்டுத் தாழ்வாரம் வரை போய்ப் பாருங்கள். தரையில் பெருவிரல் பருமனில் கறுப்பாக, முடி உருண்டை மாதிரி கிடக்கும். எச்சம் இல்லை அது, எலியைத் தின்றுவிட்டு ஜீரணமாகாத முடியையும் எலும்பையும் உருட்டித் துப்பியது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒரு குச்சியால் பிரித்துப் பார்க்கட்டும். எலி மண்டையோடு பல்லோடு முழுசாக வரும். ஒரு உருண்டையில் எத்தனை மண்டை என்று நோட்டில் எழுதினால் அந்தக் கூகையின் சாப்பாட்டுக் கணக்கே அவன் கையில். அப்புறம் கையை சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

கிளி மட்டும் வேண்டாம், ஆச்சி. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கூடாது, யாராவது சந்தையில் துணி மூடிய கூடையைக் காட்டினாலும் கூடாது. அவன் அழுதால், "அந்த வலது காது கிழிஞ்சது இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.