கனிமமும் கணக்கும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கம் ரத்தானதை வரவேற்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பா சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்தில்தான் நானும் தங்கையும் படித்தோம். போன் வேண்டும், மின்சார வண்டி வேண்டும் என்கிறோம். நம் ஊரில் மட்டும் தோண்டக் கூடாது என்றால், காங்கோவிலோ ஒடிசாவிலோ யாருடைய ஊரையாவது தோண்டட்டும் என்றுதானே அர்த்தம்? ‘நிலையான சுரங்கத் தொழில்’ என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அப்படி ஒன்று நிஜமாகவே உண்டா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்,

நியாயமான கேள்வி. அடுத்தவர் ஊர் எப்படியோ போகட்டும் என்று நான் நினைக்கவில்லை. அரிட்டாபட்டி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்த ஊர் மக்களின் சம்மதத்தைக் கேட்காமலே ஏலம் முடிந்திருந்தது. அதனால் எதிர்த்தேன். எங்கேயுமே தோண்டக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் கணக்கில் தோண்டுகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். கோவாவை வைத்துச் சொல்கிறேன்.

கோவா என்றால் நமக்குக் கடற்கரைதான் ஞாபகம் வரும். உள்ளே தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிச்சோலிம், சத்தாரி, சாங்கே வட்டங்களில் இரும்புத் தாது கிடக்கிறது. போர்ச்சுகீசியர் காலத்தில் தனியாருக்கு நிரந்தர உரிமையாக எழுதிக்கொடுத்த சுரங்கங்களை 1987-ல் இந்தியச் சட்டம் குத்தகையாக மாற்றியது. அப்புறம் சீனாவின் தேவை வந்தது. தரம் குறைந்தது என்று ஒதுக்கிய தாதுவுக்கும் விலை கிடைத்தது. 2010-11-ல் கோவா வழியாகப் போன ஏற்றுமதி 5 கோடி டன்னைத் தாண்டியது.

அந்தச் சமயத்தில் அரசுக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். 2009 ஆகஸ்ட் வரை இரும்புத் தாதுவுக்கு ராயல்டி, அதாவது எடுக்கும் தாதுவுக்காக அரசுக்குக் கட்டும் தொகை, டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக இருந்தது. மிக உயர்ந்த தரத்துக்கே 27 ரூபாய்தான். 2008-ல் உலகச் சந்தையில் விலை டன்னுக்கு 100 டாலரைத் தாண்டிப் போயிருந்தது. தாத்தா விட்டுப்போன நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்று, வந்த பணத்தைச் சம்பளம் என்று எழுதிக்கொள்ளும் குடும்பத்தை நாம் என்ன சொல்வோம்? கனிம விஷயத்தில் அதை வளர்ச்சி என்கிறோம். பூமிக்குள் இருக்கும் தாது நம் மூலதனம். எடுத்து விற்றால் மூலதனம் கரைகிறது. இன்னும் பிறக்காதவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இன்னொரு கணக்கு தண்ணீர். குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால், ஊறும் நீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றும். ஒரு டன் தாதுவுக்கு இரண்டு மூன்று டன் கழிவு மண் வெளியே வரும். கோவாவில் பெய்கிற மழைக்கு அந்த மண்மேடு கரைந்து நெல்வயலில் இறங்கும். சிமென்ட் பூசினது போல வயல் இறுகிப்போகும்.

ஏற்றுமதி உச்சத்தில் இருந்தபோது சாங்கே பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலை ஒட்டி டிப்பர்கள் இடைவிடாமல் ஓடின. ஆற்றங்கரையில் கொட்டுவார்கள், அங்கிருந்து பார்ஜ் என்கிற சரக்குப் படகில் ஏற்றி மர்மகோவா துறைமுகத்துக்குப் போகும். வீட்டுக்குள்ளே கொடி கட்டிப் பள்ளிக்கூடச் சட்டைகளைக் காயப்போட்டிருந்தார்கள். வெளியே போட்டால் ஒரு மணி நேரத்தில் வெள்ளைச் சட்டை சிவந்துவிடும் என்றார் அந்த அம்மா. அவர் கணவரிடமும் ஒரு டிப்பர் இருந்தது, பேங்க் லோனில் வாங்கியது. தூசியும் அந்த வீட்டுக்குத்தான், சோறும் அதே தூசியிலிருந்துதான். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

2012-ல், சட்டவிரோதச் சுரங்கங்களை விசாரித்த நீதிபதி ஷா கமிஷனின் அறிக்கை வெளியானது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கோவாவில் சுரங்க வேலையை நிறுத்தியது. டிப்பர் வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள். சுற்றுச்சூழல்காரர்களால்தான் பிழைப்பு போனது என்று அப்போது பலர் திட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வரைமுறை இல்லாமல் எடுத்ததால்தான் ஒரே நாளில் நிறுத்த வேண்டிவந்தது. ஆரம்பத்திலேயே அளவு வைத்திருந்தால் அந்த டிப்பர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

கோவா ஃபவுண்டேஷன் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. குத்தகைகள் 2007 நவம்பரிலேயே முடிந்துவிட்டன, அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். கூடவே, இனி ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது, விற்பனைத் தொகையில் 10 சதவீதம் நிரந்தர நிதியாகச் சேர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ‘நிலையான’ என்ற சொல்லுக்கு இந்தியாவில் நான் பார்த்த உருப்படியான விளக்கம் இதுதான். 10 சதவீதம் போதாது என்பது என் கருத்து. நார்வே எண்ணெயில் வருகிற அரசு வருமானத்தை நிதியில் போட்டுவிட்டு, ஆண்டுக்கு அந்த நிதியில் சுமார் 3 சதவீதம்தான் செலவழிக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பசிபிக் கடலில் இருக்கும் நவ்ரூ தீவு நாடும், தோண்டி விற்ற பாஸ்பேட் பணத்தைச் சேர்த்துத்தான் வைத்தது. ஆனால் நிர்வாகம் சரியில்லாமல் அது கரைந்தது. இன்று தீவின் பெரும்பகுதி மண் போன வெறும் சுண்ணாம்புப் பாறை.

இவ்வளவும் செய்தாலும், வேண்டாம் என்று சொல்கிற உரிமை ஊருக்கு இருக்க வேண்டும். ஒடிசாவின் நியம்கிரியில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் முடிவை விட்டது. 2013-ல் கூடிய 12 சபைகளும், அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்குச் சுரங்கம் வேண்டாம் என்றன. அலுமினியத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்க, பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும். பழைய இரும்புக் கடைக்காரர்களை நாம் இன்னும் தொழில்துறையில் சேர்த்தே பேசுவதில்லை.

கடைசியாக உங்கள் ஊர். 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் ராயல்டியின் ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போக வேண்டும். பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் போனது என்றால் 10 சதவீதம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பணம் அது. சேலத்தில் எவ்வளவு சேர்ந்தது, எந்த ஊரில் எதற்குச் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் இருமலோடு இருப்பவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் வைத்தியத்துக்கு அதில் ஏதாவது போயிருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.